இரண்டு முறை கழித்தவன்

ஆகஸ்ட் 5, திங்கள்

தினமும் தின்றதை எல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்லி சர்க்கரை டாக்டர் இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார். காலை: இட்லி இரண்டு. (நான்கு.) மதியம்: தயிர் சாதம், மாவடு. மாலை: அதிர்ச்சி.

நாலரை மணிக்கு மேலாளர் ஸ்ரீவத்சன் கூப்பிட்டார். அவர் கூப்பிடுகிற விதத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். 'குரு சார்' என்று தனியாகச் சொன்னால் ஒன்றுமில்லை, 'குரு சார், ஒரு நிமிஷம்' என்றால் அரை நாள் போச்சு.

டாக்டர் படிப்பார் என்பதால் என் வேலையைப் பற்றி இரண்டு வரி. சிப் என்பது நகத்தளவு சிலிக்கான் துண்டு. அதை நேராக மின்சுற்றுப் போர்டில் ஒட்ட முடியாது. இடையில் ஒரு மெல்லிய அடுக்குத் தகடு வேண்டும். அதற்குப் பேக்கேஜ் என்று பெயர். பெருங்குடியில் இருக்கும் எங்கள் கம்பெனி அதைத்தான் வடிவமைக்கிறது. சிப்பிலிருந்து கிளம்பும் சிக்னல், தலைமுடியைவிட மெல்லிய செம்புத் தடங்களில் ஓடி, பேக்கேஜ் வழியாகப் போர்டுக்கு இறங்கும். நொடிக்குப் பதினோராயிரத்து இருநூறு கோடி பிட். அந்த வேகத்தில் ஓடினால் வழியிலேயே கொஞ்சம் தேய்ந்துபோகும். எவ்வளவு வரை தேயலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் நான். அந்தக் காகிதத்துக்கு ஸ்பெக் என்று பெயர். இதை மாமியாருக்கு இருபது வருடமாக விளக்கியிருக்கிறேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப கரண்ட் ஆபீஸ்னு சொல்லுங்க மாப்ளே" என்பார்.

இன்றைய விஷயம் இது. பெங்களூரில் ஒரு புது வாடிக்கையாளர். என் ஸ்பெக்கை நம்பிப் பெரிய போர்டு செய்திருக்கிறார்கள். நான் எழுதியது: இழப்பு மூன்றரை டெசிபலைத் தாண்டாது. எங்கள் அறிக்கையில் இருப்பது 3.1. போர்டு ஓடவில்லை என்று அவர்களே அளந்து பார்த்திருக்கிறார்கள். 4.6.

ஒன்றரை டெசிபல் வித்தியாசம். கேட்க அரை ஸ்பூன் மாதிரி இருக்கும். சிக்னலின் சக்தியில் பத்துக்கு மூன்று பங்கு கூடுதலாக வழியிலேயே காணாமல் போகிறது என்று அர்த்தம்.

"இந்த மூணு பாயின்ட் ஒண்ணு யாரோட நம்பர், குரு சார்?"

"லேப் நம்பர் சார்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் நாக்கு எப்போதும் மூளைக்கு முன்னாலேயே ஆபீசுக்கு வந்துவிடும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை: கேழ்வரகுக் கஞ்சி. உண்மையாகவே. தற்காலிகப் பல் உறை ஆடுகிறது, வேறு எதையும் கடிக்க முடியாது.

லேப் ஒரகடத்தில் இருக்கிறது. அதன் தலைவர் எஸ்தர் பொன்மலர். நாசரேத்துக்காரர். பதினான்கு வருடமாக அளக்கிறார். நான் அவரை நேரில் நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். சிரிக்கமாட்டார். மின்னஞ்சல் அனுப்பமாட்டார். பொங்கலுக்கு நான் எல்லோருக்கும் அனுப்பிய கரும்புப் படத்துக்குப் பதில் போடாத ஒரே ஆள். அளவுக் கோப்பு மட்டும் சொன்ன தேதிக்கு வந்து விழும். தலைக்கனம் என்று நான் சொல்லவில்லை. பர்ச்சேஸ் பாக்கியநாதன் சொன்னான். நான் மறுக்கவில்லை.

பாக்கியநாதனோடுதான் தினமும் நாலு மணி டீ. மூன்று மாதமாக அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு: எஸ்தர் எல்லாவற்றையும் அளப்பதில்லை, பழைய பேக்கேஜ் எண்ணை எடுத்துக் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார் என்று. இன்று அதை அவனுக்கு நினைவுபடுத்தினேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"யோவ் குரு, அப்ப பெங்களூர் கதையும் அதுதானா?"

"நான் ஒண்ணும் சொல்லலைப்பா" என்றேன். உண்மையிலேயே அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. புருவத்தை மட்டும் தூக்கினேன்.

ஆகஸ்ட் 7, புதன்

பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் பேசாமல் இருந்தேன். என் மனைவி மீனலோசனி கூடவே வந்து பார்த்து ரசித்தாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அதிர்ச்சி. பாக்கியநாதன் ஓடிவந்து சொல்கிறான்: "உனக்கு விஷயம் தெரியுமா? அந்தம்மா மெஷினையே ஆன் பண்றதில்லையாம். வீட்ல உக்காந்தே நம்பர் போடுதாம். ரெண்டு வருஷமா!"

"யாருப்பா சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

எனக்கே வாய் பிளந்துவிட்டது. விஷயம் இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மதியம் ஸ்ரீவத்சன் கூப்பிட்டார். பக்கத்தில் மனிதவள அம்மையார், முன்னால் ஒரு கோப்பு, திறந்த பேனா.

"குரு சார், எஸ்தர் அளக்காமலே நம்பர் போடறாங்கன்னு காதுல விழுது. நீங்க சீனியர். ஸ்பெக் எழுதறவர். உங்களுக்கு இது தெரியுமா?"

"கேள்விப்பட்டேன் சார்."

பேனா எழுதியது. என் பெயர் எங்கும் வராது என்றார் அம்மையார். 'மூத்த ஊழியர் ஒருவர்' என்று மட்டும் வருமாம். நல்ல ஏற்பாடு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எஸ்தரைப் பெருங்குடிக்கு வரச் சொல்லி விசாரித்தார்கள். நான் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நான்கு காபி எடுத்தேன். (குடித்தது ஒன்று.) கண்ணாடிக் கதவு. உள்ளே பேசுவது கேட்காது. ஆனால் கதவு திறந்த ஒரு நொடியில் அவர் குரல் கேட்டது.

"எல்லாம் ஃபைல்ல இருக்கு சார். ஃபைலைத் தெறந்து பாருங்க."

அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அவர்கள் அறிக்கையைத் திறந்து பார்த்தார்கள். நான் தயாரித்த அறிக்கைதான். 3.1 என்று அழகாக அட்டவணையில் நிற்கிறது.

வேலைக்கு வரவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வரும் வெள்ளி இறுதி விசாரணை. பொய்யாக அளவு போட்டார் என்று முடிவானால் நீக்கம். அளப்பவர் மேல் அந்த ஒரு முத்திரை விழுந்துவிட்டால் இந்த நாட்டில் எந்த லேபும் வாசலில்கூட நிற்க விடாது. பாவம்தான். என்னால் என்ன செய்ய முடியும்? எனக்குப் பல் வேறு.

போகும்போது காபி இயந்திரத்தைக் கடந்துதான் போனார். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றார். "உங்க புண்ணியத்துல" என்றேன். இதைவிட மோசமான ஒரு பதிலை யாராலாவது கண்டுபிடிக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஸ்ரீவத்சன் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். இரண்டு வருடத்தில் பதினொரு பேக்கேஜுக்கு எஸ்தர் அனுப்பிய கோப்புகள் நாற்பத்தொன்று. எது காப்பி, எது அசல் என்று கண்டுபிடித்து வெள்ளிக்குள் பட்டியல் தர வேண்டும். ஒரே எண்கள் இரண்டு கோப்பில் வந்தால் பிடித்துவிடலாம். துப்பறிய எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை.

மதியம்: லெமன் சாதம். சாயங்காலம் மோட்டார் ஓடாமல், அடுக்குமாடிச் சங்கத்துக்கும் தண்ணீர் லாரிக்கும் சண்டை. நான் செயலாளர். நான்தான் சண்டை போட வேண்டும். போட்டேன். தண்ணீர் வரவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்று தின்றது எதுவும் நினைவில்லை.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பேக்கேஜை அளக்கும்போது தனியாக அளக்க முடியாது. அதை ஒரு சோதனைப் பலகையில் பொருத்தி, கம்பி மாட்டி அளக்க வேண்டும். அந்தப் பலகைக்கு ஃபிக்சர் என்று பெயர். ஃபிக்சரும் தன் பங்குக்குச் சிக்னலைத் தின்னும், ஒன்றரை டெசிபல். அதனால் மொத்தத்திலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும். அல்வாவை டப்பாவோடு நிறுத்து, டப்பாவின் எடையைக் கழிப்பது மாதிரி. லேப் டப்பாவோடு நிறுத்து அனுப்பும். டப்பாவைக் கழிப்பது என் வேலை. அதற்கு ஒன்பது வருடம் முன்பு நானே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். கோப்பைக் கொடுத்தால் போதும். கழித்து அட்டவணை போட்டுத் தந்துவிடும். கோப்பை நான் கண்ணால் பார்க்கவே தேவையில்லை. பார்த்ததும் இல்லை.

இன்று காப்பி பிடிக்கிறேன் என்று முதல் முறையாக ஒரு கோப்பைச் சாதாரண எழுத்தாகத் திறந்தேன்.

இந்தக் கோப்புகளில் எண்கள் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். தலைப்பில் மட்டும் ஆச்சரியக்குறி போட்டுத் தொடங்கும் சில வரிகள். அவை மனிதர்கள் படிப்பதற்கு. கணினி அவற்றைத் தாண்டிப் போய்விடும். என் புரோகிராம் செய்யும் முதல் காரியமே அந்த வரிகளைத் தூக்கி எறிவதுதான். அந்தக் காலத்து இயந்திரம் அதில் வரிசை எண், உரிமம் என்று நாற்பது வரி குப்பை எழுதும்.

2022 ஆகஸ்டில் வந்த கோப்பு. முதல் வரி:

! புது இயந்திரம். ஃபிக்சர் இழப்பு இதிலேயே கழிக்கப்பட்டுவிட்டது. மறுபடி கழிக்க வேண்டாம். எ.பொ.

மூன்று முறை படித்தேன். பிறகு அடுத்த கோப்பைத் திறந்தேன். அதிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும். நாற்பத்தொன்றிலும்.

கடைக்காரர் டப்பா எடையைக் கழித்துத்தான் நிறுத்திருக்கிறார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி கழித்திருக்கிறேன். இரண்டு வருடமாக. 4.6 என்று வந்ததை 3.1 ஆக்கியது என் புரோகிராம்.

பெங்களூர்க் கோப்பைக் கழிக்காமல் ஓட்டிப் பார்த்தேன். 4.6. புள்ளிக்குப் பின்னாலும் அப்படியே. எஸ்தர் எதை அளந்தாரோ அதைத்தான் அவர்களும் அளந்திருக்கிறார்கள். மற்றப் பத்து பேக்கேஜ்களும் என் வரம்புக்கு மேலேதான் நிற்கின்றன. அந்த வாடிக்கையாளர்களின் போர்டுகளில் தடம் குட்டை என்பதால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

அவர் ஏன் மின்னஞ்சலில் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. மூன்று வருடம் முன்பு தணிக்கை வந்தபோது ஒரு விதி போட்டார்கள். அளவு பற்றிய எந்தக் குறிப்பையும் மின்னஞ்சலில் அனுப்பக்கூடாது, கோப்பின் தலைப்பிலேயே எழுத வேண்டும், அப்போதுதான் குறிப்பும் எண்ணும் பிரியாது. அறிக்கையில் கடைசியாக என்ன எண் போகிறது என்பதையும் அளப்பவருக்குக் காட்டக்கூடாது. அருமையான விதி. அதற்காக ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்கள். எனக்கு. எழுதியவன் நான்.

எஸ்தர் விதிப்படி நடந்திருக்கிறார். அந்த ஆச்சரியக்குறிகளுக்குப் பின்னால் இரண்டு வருடமாக என்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான்காவது கோப்பில்: ! மேலே உள்ள குறிப்பைப் பார்த்ததாக ஒரு வரி பதில் போதும்.

ஏழாவதில்: ! இன்று ஏசி ஓடவில்லை. 31 டிகிரியில் அளந்தது. மறுபடி அளக்கணுமா?

எட்டாவதில்: ! பதில் வராததால் மறுபடி அளந்துவிட்டேன்.

பதினைந்தாவதில்: ! இதைத் திறக்கிறவருக்கு: நீங்கள் மனுஷனா, புரோகிராமா?

பத்தொன்பதாவதில்: ! படிப்பவருக்குப் பொங்கல் வாழ்த்துகள்.

இருபத்தேழாவதில்: ! அம்மாவுக்கு ஆபரேஷன். நெல்லையில் இருப்பேன். அடுத்த அளவு பத்து நாள் தள்ளிப்போகும். பொறுத்துக்கொள்ளவும்.

அந்தப் பத்து நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'எந்த முன்னறிவிப்பும் இன்றித் தாமதம்' என்று ஸ்ரீவத்சனுக்கும் சேர்த்து ஒரு காட்டமான கடிதம் அனுப்பியிருந்தேன். அதில் 'பொறுப்பின்மை' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

முப்பதுக்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. முதல் வரி மட்டும்தான். மறுபடி கழிக்க வேண்டாம். எ.பொ.

தண்ணீர் கேன் மாற்ற வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். "சார், பல்லு வலியா? ரொம்ப நேரமா வாயைத் தெறந்தே வெச்சிருக்கீங்க."

ஆகஸ்ட் 14, புதன்

ஒரு கோப்பில் அந்த முதல் வரியை அழித்துப் பார்த்தேன். சும்மா, இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க. ஒரே ஒரு பொத்தான். சுத்தமாக இருந்தது. வரியை மறுபடி கொண்டுவந்துவிட்டேன். இடையில் பதினோரு நிமிடம்.

எஸ்தரிடம் பிரதி இருக்கும் என்று தோன்றியதால்தான் கொண்டுவந்தேன் என்று யாரும் நினைக்கக்கூடாது.

ஆகஸ்ட் 15, வியாழன்

அடுக்குமாடியில் கொடியேற்றம். செயலாளர் என்ற முறையில் கயிற்றை இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து அவிழ்த்தார். மிட்டாய்: ஒன்று. (மூன்று.)

மீனலோசனியிடம் சொன்னேன். வங்கியில் கிளை மேலாளர் அவள். தவறு நடந்தால் யார் கையெழுத்து என்றுதான் முதலில் கேட்பாள். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"சரி, கழிச்சது உங்க தப்பு. நாளைக்குச் சொல்லிடப் போறீங்க. நல்லது. ஆனா அவங்க அளக்காமலே நம்பர் போடறாங்கன்னு ஒரு பேச்சு இருக்குன்னு சொன்னீங்களே, அது?"

"அது ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க மீனா."

"யாரு?"

"பொதுவா."

"பொதுவான்னு ஒருத்தர் உங்க ஆபீஸ்ல வேலை பாக்கறாரா?"

சாம்பாரில் உப்பு குறைவு என்றேன். இன்னும் அடுப்பிலேயே வைக்கவில்லை என்றாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சின்ன அறை. ஸ்ரீவத்சன், மனிதவள அம்மையார், நீளமேசையின் கடைசியில் எஸ்தர். வெள்ளைச் சேலை, மடியில் ஒரு துணிப்பை. நான் பட்டியல் தரப்போகிறேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் கோப்புகளை அப்படியே திரையில் போட்டேன்.

"காப்பியடிச்ச ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க சார். கழிச்சதையே கழிச்ச ஆளைக் கண்டுபிடிச்சிருக்கேன். நாப்பத்தொம்பது வயசு, சர்க்கரை, ஒரு பல்லு தற்காலிகம்."

ஸ்ரீவத்சனுக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. பிறகு முகம் காகிதமாகிவிட்டது.

"பதினொரு பேக்கேஜா? பதினொண்ணுமேவா?"

"பதினொண்ணும் சார். மூன்றரைங்கற வரம்பே பொய். அஞ்சுன்னு போட்டிருந்தா பெங்களூர்க்காரங்க போர்டை வேற மாதிரி செஞ்சிருப்பாங்க."

அவர் எழுந்து ஜன்னல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் விடவில்லை. பொங்கல் வாழ்த்தைக் காட்டினேன். மனுஷனா புரோகிராமா என்பதைக் காட்டி, "இதுக்கு இன்னும் விடை தெரியலை" என்றேன். அம்மையாரே சிரித்துவிட்டார். கடைசியில் ஸ்ரீவத்சன் என் தோளைத் தட்டினார். "தானா முன்வந்து ஒத்துக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும் குரு சார்." மூன்று மாதத்துக்கு ஸ்பெக்கில் நான் கையெழுத்துப் போடக்கூடாது. பதினொரு வாடிக்கையாளருக்கும் நானே திருத்தக் கடிதம் எழுத வேண்டும். நியாயம்தான். நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் எழுதியதை அவரே முதல் முறை படிப்பவர் போல.

"அப்ப நான் லேபுக்குப் போலாமா சார்?" என்று கேட்டார்.

அம்மையார் கோப்பைப் புரட்டினார். "ஒரு விஷயம் முடிஞ்சது மேடம். இன்னொண்ணு இருக்கு. அளக்காமலே நம்பர் போடறீங்கன்னு ஒரு மூத்த ஊழியர் நேர்ல சொன்னது பதிவாகியிருக்கு. பெங்களூர் பேக்கேஜை அளந்திருக்கீங்க, சரி. மத்த பத்தும்? அதுக்கு நீங்கதான் நிரூபிக்கணும். இருபத்திமூணாம் தேதி வரைக்கும் டைம். அதுவரை லேபுக்குள்ள போலாம், ஒரு சூப்பர்வைசர் கூட இருப்பார்."

"அளந்ததுக்கு என்ன சார் நிரூபணம்? அளந்த நம்பர்தான்." குரல் முதல் முறையாக ஏறியது. "பதினாலு வருஷத்துல ஒரு புள்ளியை மாத்தினது கெடையாது. யார் சார் சொன்னது?"

"அதைச் சொல்லக்கூடாது" என்றார் அம்மையார்.

ஸ்ரீவத்சன் மேசையைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக மேசையைப் பார்த்தார்.

எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். அந்த நேரத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தண்ணீர் குடித்தேன். காலி தம்ளர் என்பது உதட்டில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

நான் ஆபீசில் வீரனாகிவிட்டேன். 'எஸ்தரைக் காப்பாத்தினவர்' என்று பாக்கியநாதன் பரப்பியிருக்கிறான். கேன்டீனில் எனக்கு முதலில் வடை வைத்தார்கள். தின்னவில்லை. டாக்டர், தயவுசெய்து கவனிக்கவும்.

டீக்கு நடுவில் அவன் சாதாரணமாகக் கேட்டான். "ஆமா, முதல்ல அந்த விஷயத்தை என்கிட்ட நீதானே சொன்னே? மே மாசம், இதே இடத்துல. உனக்கு யார் சொன்னது?"

"மறந்துபோச்சுப்பா."

"நல்லா யோசி. சொன்னவன் பேரைக் குடுத்தா அந்தம்மா தப்பிச்சிரும்ல?"

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எழுத எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

விடுப்பு போட்டேன். பல் என்று காரணம் எழுதினேன். வண்டலூர் வழியாக ஒரகடம்.

லேபுக்குள் போகச் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் ரப்பர்ச் செருப்பைப் போட வேண்டும், மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி அதன் கம்பியைத் தரையோடு இணைக்க வேண்டும். மனித உடம்பில் இருக்கிற மின்சாரம் சிப்பைக் கொன்றுவிடுமாம். எஸ்தர்தான் எனக்குக் கட்டிவிட்டார். ஓரத்தில் ஒரு நாற்காலியில் 'சூப்பர்வைசர்' உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அளக்கிறாரா என்று கண்காணிக்கப் போடப்பட்டவர். எஸ்தர் பழைய பேக்கேஜ்கள் பத்தையும் மேசையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக மறுபடி அளந்துகொண்டிருந்தார்.

"ஏழு முடிஞ்சிட்டு சார். எல்லாம் அன்னைக்கு வந்த நம்பர்தான். ஆனா இதைக் காட்டுனா, இப்ப அளந்தே, அப்ப அளக்கலைன்னு சொல்லுவாங்க. என்ன செய்ய?"

சூப்பர்வைசருக்கு ஒரு காபி வாங்கி வரும் வேலையைக் கொடுத்து வெளியே அனுப்பினேன்.

"அந்த மூத்த ஊழியர் நான்தாம்மா."

அவர் கையில் இருந்த கம்பியை மெதுவாக அதன் இடத்தில் மாட்டினார். திருகினார். ஒரு அளவுக்கு மேல் திருகக்கூடாதாம், ஒரு 'டக்' சத்தம் வரும். வந்தது.

"அன்னைக்கு எல்லாத்தையும் சிரிச்சிக்கிட்டே சொன்னீங்க. இதை மட்டும் சொல்லலையே சார்."

"சொல்ல முடியலைம்மா."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேன்."

"அது எனக்கு எதுக்கு சார்? எழுதிக் குடுங்க. நான் படிப்பேன்."

இந்த நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்தேன். நிறுவனத்துக்கு என்று தொடங்கி எழுதினேன்: எஸ்தர் பொன்மலர் அளக்காமலே எண்களைப் போடுகிறார் என்று ஆகஸ்ட் 8 அன்று மேலாளரிடம் சொன்ன மூத்த ஊழியர் நான். அதை நான் அலுவலகத்தில் கேள்விப்பட்டேன். அதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கையெழுத்து. குமரகுருபரன்.

அவர் நின்றபடி படித்தார். ஒரு வரிக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு படிப்பவரை நான் பார்த்ததில்லை. விரல் இரண்டாவது வரியில் நின்றது.

"கேள்விப்பட்டேன்னு எழுதியிருக்கீங்க. யார்கிட்ட?"

இயந்திரத்தின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பதில் ஒன்று நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"யார்கிட்டயும் இல்லைம்மா. மூணு பேக்கேஜுக்கு வரிசையா மூணு பாயின்ட் ஒண்ணுன்னு வந்துச்சு. டீ குடிக்கும்போது, எஸ்தரம்மா அளக்கறதில்லை போல, ஜெராக்ஸ் எடுக்கறாங்கன்னு சும்மா ஒரு பேச்சுக்கு நானே சொன்னேன். மத்தவங்க சிரிக்கறதுக்காக."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"சிரிச்சாங்களா சார்?"

"சிரிச்சாங்கம்மா."

தலையை ஆட்டினார். பிறகு தன் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். அந்த வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினேன்: இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே கட்டிச் சொன்னேன். அடித்த இடத்தில் தனியாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். போட்டேன். தேதி கேட்டார். போட்டேன். மணியும் போடச் சொன்னார். 11.40.

தாளை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு அருகில் போனார். முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்.